வலிக்காத நெறிக்கட்டு



சென்ற இதழில் இப்பகுதியில் குழந்தைகளின் பல் சொத்தையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர் சங்கத்து நூலகத்தில் என்னைக் கண்டபோது, "பல்லைப் பற்றி எழுதினீர்கள், சரி. என் பையனுக்குப் பல் வலி வந்தபோது தாடைக்குக் கீழே நெறி கட்டிக்கொண்டதே! அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. அந்தக் கேள்வி, 2023ஆம் ஆண்டு முதல் என் நெஞ்சில் கிடக்கும் ஒரு நினைவையும் கிளறிவிட்டது. ஆகவே இத்திங்கள் நெறிக்கட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, நாகபுரியில் இரயில்வே எழுத்தராகப் பணிபுரிகிறவன். இங்கே எழுதுவனவற்றுள் ஒரு பகுதி டாக்டர்கள் எனக்கு விளக்கிச் சொன்னவை. மற்றொரு பகுதி நான் தவறு செய்து கற்றவை. இரண்டாவது பகுதி உங்களுக்கு அதிகம் பயன்படலாம்.

நெறிக்கட்டு என்பது என்ன?

நம் உடலில் இரத்தக் குழாய்கள் இருப்பது போலவே, நிணநீர் ஓடுகின்ற மெல்லிய குழாய்களும் இருக்கின்றன. அவற்றின் வழியில் ஆங்காங்கே அவரை விதை போன்ற சிறு கணுக்கள் அமைந்துள்ளன. உடல் முழுவதிலும் ஏறத்தாழ 600 கணுக்கள் உண்டு என்பர். அவற்றுள் கணிசமான பங்கு கழுத்தைச் சுற்றியே இருக்கிறது. வாய், மூக்கு, தொண்டை, தலைத்தோல் ஆகியவற்றின் வழியே நுழையும் கிருமிகளைத் தடுத்து நிறுத்துவது இக்கணுக்களின் வேலை. வண்டியில் ஏறியவரைப் பரிசோதகர் நிறுத்திச் சீட்டுக் கேட்பது போன்றது அது. வேலை மிகும்போது கணு பருக்கிறது. அதையே நம் பெரியவர்கள் 'நெறி கட்டியிருக்கிறது' என்றார்கள்.

குழந்தைகள் நாள்தோறும் புதிய கிருமிகளைச் சந்திக்கிறவர்கள். ஆதலால் நலமாக ஓடியாடும் குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்தாலும் பட்டாணி அளவிலோ கொண்டைக்கடலை அளவிலோ ஓரிரு கணுக்கள் தட்டுப்படுவது உண்டு. அவை 1 செ.மீ.க்கு உட்பட்டு, மெத்தென்று, விரலுக்கு நழுவி நகருமாயின் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. சளி, தொண்டைப்புண் முதலியவை நீங்கிய பிறகும் இத்தகைய சிறு கணுக்கள் பல வாரங்கள் தங்கியிருக்கலாம்.

கணு இருக்கும் இடமே பல வேளைகளில் காரணத்தைச் சுட்டிக்காட்டும். தாடைக்குக் கீழே கட்டினால் பல்லையும் ஈறையும் தொண்டையையும் பாருங்கள். காதின் பின்னும் பிடரியிலும் கட்டினால் தலையைப் பாருங்கள். பேனும் சொறிந்த புண்ணும் இருக்கக் கூடும். காதின் முன்னும் கீழும் கன்னத்தோடு சேர்ந்து வீங்கி, தாடை எலும்பின் முனை கைக்குத் தட்டுப்படாமல் மறைந்தால், அது நெறிக்கட்டாக இல்லாமல் பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். அது உமிழ்நீர்ச் சுரப்பியின் வீக்கம். அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு குழந்தைகள், இரண்டு கட்டிகள்

இனி என் கதைக்கு வருகிறேன். 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் மூத்த மகனுக்குத் தொண்டைப்புண் வந்தது. அப்போது அவனுக்கு எட்டு வயது. நல்ல காய்ச்சல். கழுத்தின் இரு பக்கமும் நெறி கட்டிக்கொண்டது. தொட்டால் அலறினான். நானும் என் மனைவியும் நடுங்கிப் போனோம். இரவோடு இரவாக எங்கள் கோட்ட மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்து, மருந்து எழுதிக் கொடுத்து, "கணு தன் வேலையைச் செய்கிறது, தொண்டை ஆறினால் அதுவும் இறங்கும்" என்றார். அவ்வாறே பத்து நாள்களில் இறங்கிற்று.

அவ்வாண்டு ஐப்பசியில் என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து எங்களோடு தை மாதம் வரை தங்கியிருந்தார். இங்கே குளிர் கடுமையானது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார். "இந்த ஊர்ப் பனி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். நாங்களும் நம்பினோம். என் இளைய மகளுக்கு அப்போது ஐந்து வயது. தாத்தாவின் போர்வைக்குள் நுழைந்து கதை கேட்டபடியே உறங்குவாள்.

2023 பிப்ரவரியில் அவள் கழுத்தின் வலப்புறத்தில் ஒரு கட்டி தென்பட்டது. வலி இல்லை, சிவப்பு இல்லை. அவள் பாட்டுக்கு ஓடினாள், ஆடினாள். அண்ணனுக்கு வந்தது போலத்தான் இதுவும் என்று எண்ணினோம். மருந்துக் கடையில் சொன்னேன். மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. மறுபடியும் மூன்று நாளைக்குக் கொடுத்தார்கள். அப்போதும் குறையவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டோம். தோல் வெந்ததுதான் மிச்சம்.

என் மனைவி ஒருநாள், "என்னங்க, டாக்டரிடம் காட்டிவிடலாமா?" என்று கேட்டாள். நான் சொன்ன மறுமொழியை இன்று நினைத்தாலும் நாணம் உண்டாகிறது. "மே மாதம் பாஸ் எடுத்து ஊருக்குப் போகத்தானே போகிறோம்? அங்கே நம் டாக்டரிடம் தமிழிலேயே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லலாம். இங்கே அரைகுறை இந்தியில் என்னவென்று சொல்வது? அவளுக்குத்தான் வலிக்கவில்லையே!" என்றேன்.

புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களில் இந்தச் சொல் எத்தனை வீடுகளில் ஒலிக்கிறது! பல் பிடுங்குவதும், கண்ணாடி போடுவதும், காது பார்ப்பதும் 'ஊருக்குப் போனபின்' என்று தள்ளிப் போடுகிறோம். ஊர்ப் பயணத்தை மருத்துவ நாளாக வைத்துக்கொண்டிருக்கிறோம். நோயோ நம் விடுமுறைக்குக் காத்திருப்பதில்லை.

ஏப்ரல் 14 அன்று சங்கத்தில் சித்திரைத் திருநாள் விழா. என் மகள் கும்மி ஆட வேண்டியவள். ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் நம் சங்கத்தில் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் அவரை அக்கா என்றே அழைப்போம். குழந்தையின் பின்னலில் பூ வைத்தவர், சட்டென்று கையை நிறுத்தி, "இது எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்டார்.

"இரண்டு மாதமாக, அக்கா. ஆனால் வலியே இல்லை" என்றாள் என் மனைவி.

"அதனால்தான் கேட்கிறேன்" என்றார் அவர். "நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மே மாதம் கீ மாதம் என்று சொல்லாதீர்கள்."

மறுநாள் போனோம். குழந்தை மருத்துவர் ஒரு மராத்தி அம்மையார். என் இந்தி அவருக்குப் புரிந்தது. அவர் சொன்னது எனக்கும் புரிந்தது. இரண்டு மாதமாக நான் அஞ்சிய மொழி இடையூறு ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. அவர் கட்டியை அளந்தார், 3 செ.மீ. எடை பார்த்தார், ஓராண்டாக ஏறவே இல்லை. பிறகு, "வீட்டில் யாராவது நெடுநாளாக இருமினார்களா?" என்று கேட்டார். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மார்பு எக்ஸ்-கதிர்ப் படமும் தோல் பரிசோதனையும் எடுத்தனர். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது எடுத்துச் சோதித்தனர். அது காசநோய். நுரையீரலில் இல்லை, கழுத்துக் கணுவில் இருந்தது. நம் முன்னோர் கண்டமாலை என்று குறிப்பிட்டது பெரும்பாலும் இதையே.

கண்டமாலையும் நம் அச்சமும்

செய்தியைக் கேட்ட என் மாமியார் தொலைபேசியில் முதலில் சொன்னது, "வெளியே மூச்சுவிடாதே, பெண் பிள்ளை" என்பதே. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் காலத்து அச்சம் அது. இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. ஐரோப்பாவில் இந்நோய்க்கு அரசர் கை பட்டால் குணமாகும் என்று நூற்றாண்டுக் கணக்கில் நம்பினர். பிற்காலத்தில் ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனைக் குழந்தைப் பருவத்தில், 1712இல், இலண்டனுக்குத் தூக்கிச் சென்று ஆன் அரசியின் கையால் தொடச் செய்தனர். பயன் இல்லை, வடு அவர் வாழ்நாள் முழுவதும் இருந்தது. காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை இராபர்ட் காக் 1882 மார்ச் 24ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அக்கிருமியைக் கொல்லும் மருந்துகள் இன்று நம் கையில் இருக்கின்றன. மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

மறைத்தவர் ஒருவர் இருந்தார். என் தந்தையாரை ஊரில் சோதிக்கச் செய்தோம். அவர் சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. இங்கு வருவதற்கு முன்பே ஊர் டாக்டர் சந்தேகித்துச் சளியைச் சோதிக்கச் சொல்லியிருந்தாராம். "மகன் வீட்டில் இருக்க விடமாட்டார்களோ என்று சொல்லாமல் வந்துவிட்டேன், ஐயா" என்று தொலைபேசியில் அழுதார். நாங்கள் அவரை விலக்கியிருப்போமா? மாட்டோம். ஆனால் அவ்வாறு நாங்கள் அவரிடம் என்றைக்கும் சொல்லியதும் இல்லையே!

அன்று முதல் பாட்டனும் பேத்தியும் ஒரே வகைச் சிகிச்சையில் இருந்தனர். மகனையும் எங்களையும் சோதித்தனர், நோய் இல்லை. நோய் வராமல் காக்கும் மருந்து கொடுத்தனர். அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். உணவுக்கென அப்போது மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தினர்; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் மருந்து உட்கொள்ள வேண்டும். கணுவில் மட்டும் உள்ள காசநோய் பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே டாக்டர் அவளைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார்.

இந்தச் சிகிச்சையில் பெற்றோர் முன்னரே அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மருந்தில் ஒன்று சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அது இரத்தம் அன்று. இரண்டாவது, நடுவில் சில குழந்தைகளுக்குக் கட்டி குறைவதற்கு மாறாகச் சிறிது பெருக்கும். என் மகளுக்கும் மூன்றாம் மாதத்தில் பெருத்தது. மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிட எண்ணினோம். டாக்டர், "உடல் கிருமியோடு போராடும்போது இப்படி ஆவது உண்டு, நிறுத்தாதீர்கள்" என்றார். நிறுத்தவில்லை. இறங்கிற்று.

எப்போது டாக்டரிடம் செல்வது?

வலித்ததற்கு இரவில் ஓடினேன். வலிக்காததை இரண்டு மாதம் விட்டுவைத்தேன். என் தவறு முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். வலி இல்லாமை நல்ல அடையாளம் என்று நாம் எண்ணுகிறோம். சளியினாலும் தொண்டைப்புண்ணாலும் திடீரென்று கட்டும் கணுவே பெரும்பாலும் வலிக்கும், விரைவில் இறங்கும். வலிக்காமல் மெல்ல மெல்ல வளர்வதைத்தான் விட்டுவைக்கலாகாது. கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அன்றைக்கே, இரவானாலும் செல்ல வேண்டியவை: மூச்சு விடச் சிரமம், எச்சில் விழுங்க முடியாமல் வாயிலிருந்து வழிதல், வாயைத் திறக்கவோ கழுத்தைத் திருப்பவோ இயலாமை, கடுங்காய்ச்சலோடு குழந்தை சோர்ந்து கிடத்தல், வீக்கம் சில மணி நேரத்தில் வேகமாகப் பெருத்தல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல்.

ஓரிரு நாளுக்குள் செல்ல வேண்டியவை: கட்டியின் மேல் தோல் சிவந்து, சுட்டு, தொட்டால் குழைதல், மூன்று நாளுக்கு மேலும் விடாத காய்ச்சல். ஐந்து நாள் காய்ச்சலோடு கண்ணும் உதடும் சிவந்து, உடம்பில் தடிப்பும் கழுத்தில் கட்டியும் காணுமாயின், அது கவாசாக்கி நோயாக இருக்கக் கூடும். 1967இல் ஜப்பானிய மருத்துவர் டொமிசாக்கு கவாசாக்கி விவரித்த நோய் இது. இதயத்தின் இரத்தக் குழாய்களைத் தாக்குவது. முதல் பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்குவது நன்று. ஆதலால் இவ்வடையாளங்கள் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

அந்த வாரத்துக்குள் செல்ல வேண்டியவை: 2 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி (இப்போது புழங்கும் சிறிய ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ அந்த அகலமே); இரண்டு வாரமாகியும் குறையாத, அல்லது வளர்கின்ற கட்டி; கல் போல் கெட்டியாகவோ, நகராமல் ஒட்டியதாகவோ, பல கணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்ததாகவோ இருப்பது; காறை எலும்பின் மேலே தோன்றும் கட்டி, அது சிறியதானாலும்; எடை குறைதல் அல்லது ஏறாமை; இரவில் உடை நனைய வியர்த்தல்; உடல் வெளுத்தல், காரணமின்றி ஊதாப் புள்ளிகள் தோன்றுதல்; அக்குளிலும் தொடையிடுக்கிலும் கூடக் கட்டிகள்; வீட்டில் காசநோயாளி இருத்தல். இவற்றுள் சில, அரிதாக இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றின் அடையாளமாகவும் இருக்கலாம். அவற்றுக்கும் குழந்தைகளிடம் சிகிச்சை நன்கு பலிப்பது உண்டு. காலம் தாழ்த்தாமல் செல்வதே முக்கியம்.

செய்யத் தகாதவை: கட்டியைப் பிசைந்து தேய்க்கலாகாது, அழுத்திப் பிதுக்கலாகாது, சூடு போடலாகாது, சுண்ணாம்புப் பற்றுப் போட்டுத் தோலைப் புண்ணாக்கலாகாது. டாக்டர் எழுதாத மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்கலாகாது. சிலர் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்துவிடுகின்றனர். அது கட்டியைச் சில நாள் வற்றச் செய்து, உள்ளே இருக்கும் நோயை மறைத்துவிடும்.

ஓர் எழுத்தனின் யோசனை

என் தொழிலில் கற்ற ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எந்தப் பொருளும் பதிவேட்டில் ஏறிய நாள் தெரியாவிட்டால், எத்தனை நாள் தேங்கியது என்று சொல்ல முடியாது. கட்டியும் அப்படியே. "கொஞ்ச நாளாக இருக்கிறது" என்பது டாக்டருக்குப் பயன்படாது. கண்ட நாள், எந்தப் பக்கம், என்ன அளவு, காய்ச்சல் உண்டா, எடை என்ன என்பவற்றை நாட்காட்டியிலேயே குறித்துவையுங்கள். நாள்தோறும் அழுத்திப் பார்க்க வேண்டாம். வாரம் ஒரு முறை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்த்தால் போதும். இரண்டு வாரம் கடந்தால் அந்தத் தாளே உங்களை எழுப்பி அனுப்பும்.

மொழிக்கு அஞ்சாதீர்கள். கட்டிக்கு இந்தியில் 'காண்ட்', மராத்தியில் 'காட்'. "கர்தன் மே காண்ட் ஹை" என்று சொல்லி, நாட்காட்டித் தாளைக் காட்டினால் எந்த டாக்டருக்கும் புரியும். இயலாவிட்டால் சங்கத்தில் சொல்லுங்கள். நம்மில் ஒருவர் உடன் வருவோம். தமிழில் பேசும் டாக்டரைத் தேடி ஆயிரம் மைல் போவதினும், தெரிந்த நாலு சொல்லோடு இங்குள்ள டாக்டரிடம் போவது குழந்தைக்கு நல்லது.

ஊரிலிருந்து முதியவர்கள் வரும்போது அவர்களிடம் அன்போடு ஒன்று சொல்லுங்கள்: "எந்த நோய் இருந்தாலும் சொல்லுங்கள், அதற்காக உங்களை யாரும் ஒதுக்கமாட்டோம்." இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சோதிக்கச் செய்யுங்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்லத் தவறியவன்.

என் மகள் அவ்வாண்டு அக்டோபரில் மருந்தை முடித்தாள். என் தந்தையார் அடுத்த மாதம் முடித்தார். மருந்து உண்ட காலம் முழுவதும் அவர் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "நான் போட்டுவிட்டேன், நீ போட்டாயா?" என்று கேட்பார். அவள், "நான் உங்களுக்கு முன்னாலேயே போட்டுவிட்டேன், தாத்தா" என்பாள். அவள் கழுத்தில் இன்னும் ஒரு சிறு கணு பட்டாணி அளவில் தங்கியிருக்கிறது. ஆறிய பின் தங்கிய அடையாளம் என்றார் டாக்டர். இப்போதெல்லாம் அவர் வரும்போது அதே போர்வைக்குள்தான் கதை நடக்கிறது.

இன்றிரவு உங்கள் குழந்தைக்குத் தலை வாரும்போது கழுத்தையும் ஒரு முறை தடவிப் பாருங்கள்.